திருநாளைக்குறைப்பார்

உடல் எடையில் முப்பது கிலோவைக் குறைத்தே தீருவதென்று ஆண்டுதோறும் உறுதிபூண்டு, அவ்வுறுதியை ஊரறிய அறிவித்து, தொடக்கநாளை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டே வாழும் மனிதரைத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் காணலாம் என்றாலும், அவருடைய இயல்புகள் ஒன்றுகூடக் குறையாமல் விளங்கும் இடம் வீரசோழன். சேக்கிழார் பாடிய அறுபத்துமூவரில், தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள்தோறும் சொல்லிவந்த அடியார் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றார். அம்மரபையொட்டி இவரைத் திருநாளைக்குறைப்பார் என்று குறிப்பிடுவது பொருந்தும். இருவருக்கும் உள்ள வேறுபாடு, அவர் முடிவில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது.

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில், நரிக்குடி ஒன்றியத்தைச் சேர்ந்த இவ்வூர், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே பரந்துகிடக்கும் மானாவாரிச் சீமையில், அதாவது வானத்தைப் பார்த்து விதைத்து வந்த மழைக்கேற்ப அறுக்கும் நிலப்பரப்பில் இருக்கிறது. பெய்தால் மல்லியும் மிளகாயும் பருத்தியும் குதிரைவாலியும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமும் விளையும் இந்த மண்ணில், மூன்று தலைமுறைக்கு முன்புவரை எடை குறைப்பதற்கென்று தனி முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. கண்மாய் வற்றும்போது அந்த வேலை கட்டணமின்றித் தானே நடந்தது. ஆகவே பருத்த உடலை இங்கே நோயின் அறிகுறியாக யாரும் எண்ணவில்லை. வீட்டுக் குலுக்கையில், அதாவது தானியம் சேர்த்துவைக்கும் மண்கூட்டில், அடுத்த விளைச்சல்வரைக்கும் இருப்பு உண்டு என்பதற்கு அது சாட்சியாயிருந்தது. திருமணமாகி ஆறு மாதத்தில் மகனுக்கு உடம்பு வைக்கவில்லையென்றால் மருமகளின் கைப்பக்குவத்தைப் பற்றி மாமியார் நாலு பேரிடம் பேசிய காலம் அது. குலுக்கைகள் உடைந்து, வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசியும் தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல்லும் வந்துவிட்ட பின்னும் அந்தப் பார்வை மாறவில்லை. திருநாளைக்குறைப்பார் தப்பித்தவறி மூன்று கிலோ இளைத்துவிட்டால், டீக்கடையில் அவரை வரவேற்பது பாராட்டன்று, “என்ன மாமா, இப்படி எளைச்சுட்டீங்க, சுகர் ஏதும் வந்துருச்சா?” என்ற துக்கம் விசாரிக்கும் குரல்தான். தமக்குச் சர்க்கரை இல்லையென்பதை அவ்விடத்திலேயே மெய்ப்பிக்கும் பொருட்டு அவர் இரண்டு வடையும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிட நேர்கிறது.

இவ்வூரின் பெயரைச் சுற்றுவட்டாரம் அறியச் செய்தது வாரந்தோறும் கூடும் ஆட்டுச்சந்தை. எடை என்பதே விலை என்றிருக்கும் இடம் அது. ஆட்டின் முதுகுத்தண்டின் இருபுறமும் விரல்களை வைத்து அழுத்திப் பார்த்து, வயிற்றடியில் கைகொடுத்து ஒரு தரம் தூக்கி இறக்கியதும், கறி எத்தனை கிலோ நிற்கும் என்பதைத் தராசில்லாமல் சொல்லிவிடும் வியாபாரிகள் அங்கே நடமாடுகிறார்கள். உயிரெடையில், அதாவது உயிரோடு நிறுத்த எடையில், ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும் என்ற கணக்கு அவர்களுக்கு மூச்சுவிடுவதைப் போல் வரும். தோளில் துண்டோடு சந்தைக்குள் நுழையும் திருநாளைக்குறைப்பாரை நோக்கி அத்தகைய கிழ வியாபாரி ஒருவரின் பார்வை, வேறெந்த எண்ணமுமின்றி, தொழில் பழக்கத்தாலேயே தோள்பட்டையில் தொடங்கி இடுப்பில் இறங்கி ஒரு நொடி நின்று நகர்கிறது. அன்றிரவு அவர் இரண்டு தோசையோடு எழுந்துவிடுகிறார். எந்த மருத்துவரின் எச்சரிக்கையும் இவ்வளவு உடனடியாக வேலை செய்ததில்லை என்பது வீட்டார் ஒப்புக்கொள்ளும் செய்தி.

இனி அவருடைய இலக்கைப் பார்க்கலாம். அவர் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 96 கிலோ என்று வைத்துக்கொண்டால், உடல்நிறைக் குறியீட்டெண் 35-ஐத் தாண்டும். கிலோவில் சொன்ன எடையை மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இவ்வெண், இந்தியர்களுக்கு இது 23-ஐ எட்டினால் அதிக எடை என்றும் 25-ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். இதில் அவர் தனியாள் அல்லர். 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள ஆண்களில் 37 விழுக்காட்டினரும் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். 2015–16-இல் பெண்களிடையே இது 30.9 விழுக்காடாகவே இருந்தது. ஆனால் இந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவராக இருப்பதில் அவருக்கு ஆறுதல் இல்லை. அருகிலுள்ள திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி, நான் யார் என்று விசாரிக்கச் சொன்னார். இவருடைய ஆன்மவிசாரமோ நான் எத்தனை கிலோ என்ற வினாவோடு தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது.

96-இலிருந்து 66-க்கு இறங்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்கு அது ஒரு கழித்தல் கணக்காகத் தோன்றும். உடலுக்கு அது அப்படித் தோன்றுவதில்லை. ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க உணவாற்றலை அளக்கும் அலகான கலோரியில் ஏறக்குறைய 7,700 துண்டுவிழ வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பது கிலோவுக்கு அது 2,31,000 கலோரி ஆகும். நாளொன்றுக்கு 550 கலோரி வீதம், அதாவது விருதுநகர்ப் பாணியில் எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டா இரண்டையும் அதன்மேல் ஊற்றிய சால்னாவையும் தினமும் விட்டுவிடுவதற்கு ஏறக்குறைய ஈடான அளவில் குறைத்துக்கொண்டே போனால், ஒருநாள்கூடத் தவறாமல், 420 நாள் ஆகும். நடைமுறையில் எடை இறங்க இறங்கக் குறையும் வேகமும் தளர்வதால் இன்னும் கூடுதலாகும். இந்தக் கணக்கை அவர் ஒருபோதும் போட்டுப் பார்ப்பதில்லை. அவருடைய திட்டத்தின்படி அடுத்த பொங்கலுக்குள் வேலை முடிந்துவிடும், திட்டம் வகுக்கப்படுவதோ கார்த்திகையில்.

தொடக்கநாள் குறிப்பதில் அவர் காட்டும் நுணுக்கம் தனியே ஆராயத்தக்கது. சந்தைநாளில் தொடங்க முடியாது. உறவுக்காரர்கள் வருவார்கள், வீட்டில் கறி எடுப்பார்கள். சந்தை மறுநாள் தொடங்கலாம் என்றால் மீந்த குழம்பு சட்டியில் சுண்டிக் கிடக்கும், அதன் சுவையோ முதல்நாளை விட ஒருபடி மேல். செவ்வாய்க்கிழமை எதையும் புதிதாகத் தொடங்கும் வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எந்த வீட்டிலிருந்தாவது பிரியாணி வந்துவிடும், வந்ததைத் திருப்பியனுப்புவது ஊர்ப்பழக்கத்துக்கு விரோதம். இது போக மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வத்துக்குக் கிடா, பங்குனியில் பொங்கல், ஆவணியில் காதுகுத்து, இடையில் நோன்பும் பெருநாளும் கந்தூரியும் வருகின்றன; எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் எல்லாச் சமயத்தாரின் விருந்திலும் அவருக்கு இலை உண்டு. சமய நல்லிணக்கம் ஒருவருடைய இடுப்பளவில் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருப்பதை வேறெங்கும் காண்பது அரிது.

இருந்தும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர் தொடங்கிவிடுகிறார், அதுவும் ஆவேசத்தோடு. முதல் வாரம் சோற்றை அடியோடு நிறுத்துகிறார், வாரக்கடைசியில் இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது, ஊரே அதிர்கிறது. நடந்தது என்னவென்றால், கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது, அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. சோறு நின்றதும் அந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறுகிறது. இறங்கியதில் பெரும்பகுதி நீர், கொழுப்பு சொற்பம். சந்தைக்கு வரும் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டி எடையேற்றும் தந்திரத்தைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர், வயிறு புடைத்த கிடாயைக் கண்டதும் “இது தண்ணி வெயிட்டுப்பா” என்று சிரித்து நகர்பவர், தம்முடைய உடலில் அதே நீர் இறங்கியதைக் கொழுப்பென்று நம்பி டீக்கடையில் அறிவிக்கிறார். இரண்டாவது வாரம் தராசு அசையாமல் நிற்கிறது. மூன்றாவது வாரம் அரைக்கிலோ கூடுகிறது. அவருடைய ஊக்கம் என்று சொல்லப்பட்ட பொருள் இந்த இடத்தில்தான் ஆண்டுதோறும் உயிர்விடுகிறது.

அறிவிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு பேரிடம் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காவது செய்துவிடுவோம் என்பது பொதுவான நம்பிக்கை, அது முற்றிலும் தவறென்றும் சொல்லிவிட முடியாது. எனினும் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் தம் குழுவினருடன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் தாம் இன்னவராக ஆகப்போவதாகச் சொன்னதைப் பிறர் கவனித்துக்கொண்டாலே, பாதி ஆகிவிட்டது போன்ற நிறைவு அவருக்கு ஏற்பட்டு முயற்சி தளர்ந்துபோவதுண்டு என்று காட்டியது. அந்த ஆய்வு சட்ட மாணவர்கள் முதலானோரைக் கொண்டு நடந்தது. வீரசோழன் டீக்கடையில் நடத்தியிருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும். முப்பது கிலோ என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்பெஞ்சுக்காரரின் புருவம் உயர்கிறதே, அந்த உயர்வில் இருபது கிலோ அப்போதே குறைந்துவிட்டதாகத் திருநாளைக்குறைப்பார் உணர்கிறார். மீதிப் பத்துதானே என்ற தெம்பில் மேலும் ஒரு வடை.

உணவுச் சீர்திருத்தம் வீட்டில் வேறொரு தடத்தில் நடக்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி மனைவி கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் செய்துவைக்க, அவையிரண்டும் மிக நன்றாக அமைந்துவிடுவதால் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்குகிறது. இதே மண்ணில் விளைந்து, பாட்டி காலத்தில் நெல்லுக்கு வழியில்லாதவர் காய்ச்சிக் குடித்த குதிரைவாலி, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்குச் சற்று முன்பின்னாகப் பளபளக்கும் பொட்டலத்தில் அருப்புக்கோட்டைக் கடைகளில் திரும்பிவந்தபோது, அவர் அதை அரிசியைப் போல் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார். நார்ச்சத்து அதில் அதிகம், பசியைத் தாமதப்படுத்தும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் எடைக்கு எடை அதன் கலோரி அரிசிக்குப் பெரிதும் குறைந்ததன்று. சிறுதானியம் என்பதால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது என்று அவர் கருதுவதற்குப் பெயரிலுள்ள ‘சிறு’ என்ற அடைமொழி தவிர வேறு ஆதாரம் இல்லை.

நடையைப் பொறுத்தவரை அவர் பத்தாயிரம் காலடிக்காரர். இந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் காலடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குப் பத்தாயிரம் காலடிமானி என்று பெயர் சூட்டியது, அந்த எண் உலகெங்கும் சட்டம்போல் பரவிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் கொடுத்த கைக்கடிகாரம் மாலையில் 6,200 என்று காட்டி இரக்கமின்றி நிற்கும்போது, அதைப் பேரனின் கையில் கட்டி விளையாட விடுவது அவர் கண்டுபிடித்த வழி; பேரன் ஊரிலேயே மெலிந்த பையன். 96 கிலோ உடல் ஒரு மணிநேரம் மிதமான வேகத்தில் நடந்தால் செலவாவது 300 கலோரியை ஒட்டியே இருக்கும் என்பதும், நடை முடிகிற இடத்தில் டீக்கடை இருப்பதும், ஒன்றையொன்று அழித்துவிடும் இரு உண்மைகள்.

தராசு விஷயத்தில் அவருக்கு நிகரான சோதனையாளர் கிடையாது. முன்பெல்லாம் பருத்தி மூட்டை நிறுக்கும் கமிஷன் கடைத் தராசில் ஏறிவந்தவர், இப்போது வீட்டில் மின்னணு எடைமிஷின் வைத்திருக்கிறார். தரையில் எந்த மூலையில் வைத்தால் எண் குறைவாகக் காட்டுகிறது என்பதை ஆராய்ந்து சமையலறை வாசலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதிகாலையில், தண்ணீர்கூடக் குடிக்காமல், சட்டையைக் கழற்றி, கடிகாரத்தைக் கழற்றி, சாவிக்கொத்தை எடுத்துவைத்து, அப்படியும் எண் இறங்காதபோது அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, அது குலவழக்கம் என்பதால் விட்டுவிட்டு, மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறுகிறார். ஒரே நாளில் உப்பையும் தண்ணீரையும் பொறுத்து எடை ஒன்றிரண்டு கிலோ ஏறியிறங்குவது இயல்பு என்பதை அறியாமல், காலையில் 400 கிராம் கூடியிருந்தால் அன்று முழுவதும் வீட்டில் யாரிடமும் பேசாமல் இருக்கிறார். அவருடைய மனநிலை முழுவதும் ஒரு பேட்டரியின் தயவில் இருக்கிறது.

இவரைச் சோம்பேறி என்று ஒதுக்குவது நியாயமாகாது. உடலில் சேர்ந்த கொழுப்பே லெப்டின் என்ற சுரப்பை வெளியிட்டு, இருப்பு போதும் என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. கொழுப்பு குறையும்போது இந்தத் தகவலும் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு ஓங்குகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், பத்து வாரக் கடுமையான உணவுக்கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களிடம் இந்தச் சுரப்புகளின் மாற்றம் ஓராண்டு கழிந்தும் சரியாகாமல் நீடித்தது தெரியவந்தது. பஞ்சகாலம் வந்துவிட்டதென்று உடல் தவறாகப் புரிந்துகொள்கிறது. பஞ்சம் கண்ட இந்தச் சீமையின் உடலுக்கு அந்தப் பாடம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எனவே மூன்றாவது வாரத்தில் ஊக்கம் வற்றுவது குணக்கேடன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது: ஊக்கம் வற்றாமலிருக்கும் என்று எண்ணி அதன்மேல் முழுத் திட்டத்தையும் கட்டியதில்.

இதை அவர் அறியாதவரும் அல்லர், அதுதான் வேடிக்கை. பக்ரீத்துக்கு விற்கவேண்டிய கிடாக்குட்டியை மாதக்கணக்கில் முன்பே வாங்கிக் கட்டி, காலையில் இலைதழை, மாலையில் கருவேல நெற்று, இடையில் கொஞ்சம் பிண்ணாக்குத் தண்ணீர் என்று நாள்தவறாமல் கொடுத்து வளர்ப்பவர் அவர். குட்டியை நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒருநாள் தீனி குறைந்துபோனால் இனி எல்லாம் போயிற்று என்று குட்டியை அவிழ்த்துவிடுவதும் இல்லை. மறுநாள் வழக்கம்போல் நெற்றைக் கொட்டுகிறார். முப்பது கிலோ கிடா வேண்டும் என்று அதன் காதில் ஓதுவதில்லை. கார்ல் வைக் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மலைக்க வைக்கும் பெரிய சிக்கலைக் கையடக்கமான சிறு வெற்றிகளாக உடைத்துக்கொண்டாலன்றி மனிதர் செயலிழந்து நிற்பர் என்று வாதிட்டார். அதை இவர் தொழுவத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்துவருகிறார். தொழுவத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள பத்தடித் தூரத்தை மட்டும் அந்த அறிவு கடந்துவருவதில்லை.

அதே வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது. கணக்கெடுப்பின்படி பருமன் ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாக இருக்க, டீக்கடையில் எடைகுறைப்பை அறிவிக்கும் பெண்ணை யாரும் பார்த்ததில்லை; அறிவிப்பதற்கு உட்காரும் இடமும் நேரமும் வேண்டும், அவை இரண்டும் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மூட்டுவலிக்கு மருத்துவர் நடக்கச் சொன்னதால், இருட்டியதும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தெருக்கோடிவரை போய்த் திரும்பும் அவருடைய மனைவி, எத்தனை கிலோ என்று கேட்டால் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார். சமூகவியல் அவரைப் பற்றி எழுதாமல் போனதற்கு, அவர் நாளை முதல் என்று எதையும் சொல்லாததே காரணமாயிருக்கலாம்.

திருநாளைக்குறைப்பாரின் இந்த ஆண்டுக் கணக்கு, எல்லா ஏற்ற இறக்கமும் போக, ஐந்து கிலோ குறைவு. முப்பதில் ஐந்து என்று பார்த்து அவர் இதைத் தோல்வி என்கிறார். 96-இல் ஐந்து என்று பார்த்தால் அது ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியத் தொடங்கும் அளவாக மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இதையும்விடச் சுவையான செய்தி, மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையிலிருந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இருக்கிறது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்ததில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்திருக்க, நடையும் உணவுத்திருத்தமும் மேற்கொண்ட குழுவில் அது 39.3 விழுக்காடாக நின்றது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. தராசு பார்க்காததை இரத்தம் பார்த்துக்கொண்டது.

ஆதலால் வீரசோழன் பக்கம் போகும் வாசகர், சந்தையிலோ டீக்கடையிலோ அவரைச் சந்திக்க நேர்ந்தால், எத்தனை கிலோ குறைந்தீர்கள் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். இன்றைக்கு நடந்தாயிற்றா என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் கண்மாய்க்கரைவரை உடன் ஒரு நடை போய்வரலாம். திரும்பும்போது வடையை அவர்தான் வாங்கித்தருவார், மறுத்தால் கோபித்துக்கொள்வார். ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும்.